பச்சைக் கோடு நின்ற வரப்பு

உப்பளம், புதுச்சேரி
3 ஆகஸ்ட் 2025

செல்விக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம், அவள் முட்டியும் என் வாயும் தவிர. முட்டிக்கு டாக்டர் தைலம் கொடுத்திருக்கிறார். வாய்க்கு ஒன்றும் இல்லையாம்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். போன வாரம் நான் உன்னோடு பேசியது மறுநாள் காலையில் மனை புரோக்கர் இராமதாசுக்குத் தெரிந்திருந்தது. நம் நிலத்தைக் கேட்டு வருஷக்கணக்காக நடக்கிறானே, அவன்தான். என் போனை யாரோ ஒட்டுக் கேட்கிறார்கள் என்று நடுங்கிப்போய் அம்மாவிடம் சொன்னேன். "ஸ்பீக்கர்ல போட்டுக்கினு கடை வாசல்ல நின்னு கத்துறீங்க. நோணாங்குப்பத்துல போட் ஓட்டுறவனுக்கே கேட்டிருக்கும்" என்றாள். இருந்தாலும் எனக்கு மனசு ஆறவில்லை. ஆகவே கடிதம். பைக் சீட்டுக்கு உறை தைக்கிறவன் எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். பத்தாவதில் நான் தேறியதை எங்கள் வாத்தியாரே மதிப்பெண்ணை மறுபடி கூட்டிப் பார்த்துத்தான் நம்பினார்.

விஷயத்துக்கு வருகிறேன். நாவல்தாங்கல் ஏரிக்கும் அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலுக்கும் பாதுகாப்பு என்று உன் ஆபீசில் நீ போட்ட வரைவுப் படத்தைக் கொம்யூன் பஞ்சாயத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். பச்சை அடித்த இடமெல்லாம் இனி விளைநிலமாகத்தான் இருக்க வேண்டும், மனை போடக்கூடாது. ஊரே அந்தச் சுவரில் மூக்கைத் தேய்த்துக்கொண்டு நிற்கிறது. நானும் போய்ப் பார்த்தேன். வாய்க்காலை ஒட்டி ஒரு பச்சைக் கோடு மேலேயிருந்து வருகிறது. ஜானகிராமன் நிலத்தைத் தாண்டி நம் வரப்பு வரைக்கும் வந்து, அங்கே நின்றுவிடுகிறது. நம் நிலம் முடிந்த பிறகு மறுபடி ஆரம்பித்து ஏரியில் போய்ச் சேர்கிறது. நடுவில் நம் ஒன்றரைக் காணி மட்டும் வெள்ளையாக, பல் விழுந்த வாய் மாதிரி இருக்கிறது.

ஜானகிராமன் என் தோளில் கை போட்டுக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான்: "மாப்ள, தண்ணி எங்க நெலத்துல நடந்து வருது. உன் நெலத்தாண்ட வந்ததும் எகிறிக் குதிச்சு ஏரிக்குப் போவுது போல. படம் போட்டது யாரு வூட்டுப் பொண்ணு?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே சுற்றிலும் பார்த்தேன், சிரிக்காத ஆட்களும் சிலர் இருந்தார்கள்.

படத்தை முடித்த கையோடு உன்னை ஏனாமுக்கு மாற்றியதும் எனக்குச் சரியாகப் படவில்லை. இப்போது ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. வீட்டுக்காரம்மா பிரான்சிலிருந்து வந்து, வீட்டை விற்கப் போகிறேன், சித்திரைக்குள் காலி பண்ணுங்கள் என்று சொன்னது உனக்குத் தெரியும். நிலத்தை விற்றால்தான் நமக்கென்று ஒரு வீடு. அதை நினைத்து நீ அப்பாவுக்காக ஏதாவது செய்தாயா? நான் கேட்கவில்லைதான். கேட்காமலே செய்யக்கூடியவள் நீ.

அன்புடன்
அப்பா புருஷோத்தமன்

பி.கு: படித்ததும் கிழித்துவிடு. வேண்டாம், கிழிக்காதே. கிழித்தால் ஏதோ இருக்கிறது என்று நினைப்பார்கள்.


ஏனாம்
13 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஆபீசில் பிரித்தேன். பக்கத்து மேசைக்காரர் "இந்தக் காலத்தில் கடிதமா" என்று எட்டிப் பார்த்தார். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. இனி வீட்டு முகவரிக்கே எழுதுங்கள்.

நான் உங்களுக்காக எதுவும் செய்யவில்லை. இதை நீங்கள் கேட்பீர்கள் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

பங்குனியில் செயற்கைக்கோள் எடுத்த படங்களை வைத்துத்தான் வாய்க்காலைக் குறித்தேன். நம் நிலத்தில் வாய்க்கால் தெரியவில்லை. ஒரே சமமாகப் பயிர் நின்றது. வாய்க்கால் தெரிந்த இடத்தில் பச்சை, தெரியாத இடத்தில் இல்லை. சின்ன வயதில் பொங்கலுக்கு வந்தபோது அங்கே தண்ணீரைத் தாண்டிக் குதித்ததாக ஒரு ஞாபகம் வந்தது. அந்த ஞாபகத்தை நம்பி அரசாங்கப் படத்தில் கோடு போட முடியுமா என்று விட்டுவிட்டேன். எங்கள் நிலம் இதற்குள் வருகிறது என்று மேலதிகாரியிடம் அப்போதே சொன்னேன். வாயால்தான் சொன்னேன், எழுதிக் கொடுக்கவில்லை. இப்போது போனில் கேட்டால், அப்படி ஒரு பேச்சு நடந்ததாக நினைவில்லை என்கிறார்.

அதனால் நேராகக் கேட்கிறேன். நம் நிலத்தில் வாய்க்கால் இருக்கிறதா, இல்லையா? இருந்தால் அது ஏன் படத்தில் இல்லை? இராமதாஸ் கடைக்கு அடிக்கடி வருகிறாரா?

அம்மாவைத் தைலம் தேய்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அன்புடன்
செல்வி


உப்பளம்
27 ஆகஸ்ட் 2025

செல்விக்கு,

உன் கடிதம் ஒட்டிய இடத்தில் கொஞ்சம் பிரிந்திருந்தது. தபால்காரரைக் கேட்டேன். "பசை சரியில்ல சார்" என்றார். பசையைப் பற்றி எனக்கே சொல்கிறார். நான் தினமும் ஃபோம் ஒட்டுகிறவன். பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. நேற்று ஒருத்தன் வண்டியைக் கொண்டுவந்து சீட் மாற்றச் சொன்னான். சீட்டில் ஒரு கீறல்கூட இல்லை. கிழியாத சீட்டை எவன் மாற்றுவான்? அளவெடுக்கும்போது பேச்சுவாக்கில், "உங்க பொண்ணு எந்த ஆபீஸ்ல இருக்குது?" என்றான். மீன் மார்க்கெட்டில் இருக்கிறாள் என்று சொல்லி அனுப்பினேன். கோபித்துக்கொள்ளாதே, அவசரத்துக்கு அதுதான் வாயில் வந்தது.

வாய்க்கால் இருக்கிறதா, இல்லையா என்று கேட்டிருந்தாய். பதில்: இருக்கிறது, இல்லை. மழுப்புகிறேன் என்று நினைக்காதே. மொபெட்டை எடுத்துக்கொண்டு நாவல்தாங்கல் போய் அஞ்சலாட்சியையே கேட்டேன். நம் நிலத்தில் விளைச்சலைப் பங்கிட்டு வாரத்துக்குப் பயிர் வைக்கிறவள் அவள்தானே. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னா அண்ணே புதுசா கேக்குற? தண்ணி வடிஞ்சதும் வாய்க்காலை ஓட்டி மூடி உளுந்து போட்டுடறோம். ஈரம் அங்கதான நிக்குது. ஆயுத பூஜை முடிஞ்சதும் மழைக்கு முன்ன வெட்டி வுட்டுடறோம். நான் வாக்கப்பட்டு வந்ததுலேந்து இதான் பண்றேன். நெலத்துக்காரரு நீ, உனக்குத் தெரியாதா?"

தெரியாது. நிலத்துக்காரன் என்று பேர்தான். அறுப்புக்கு மூட்டை வாங்கப் போவேன், அந்த நேரத்தில் வாய்க்காலில் தண்ணீர் ஓடும். மாசியிலும் பங்குனியிலும் எவன் போய்ப் பார்த்தான்?

"அப்ப மத்தவங்க நெலத்துல மட்டும் வாய்க்கா எப்படிப் படத்துல தெரிஞ்சுது?" என்றேன்.

"அவனுங்க எங்க பயிர் வெக்கிறானுங்க? மனை போடலாம்னு கல்லை நட்டுட்டுத் தரிசா வுட்டுட்டானுங்க. வாய்க்கா வாய்க்காவாவே கெடக்குது. ஒழுங்கா ஏர் ஓட்டுனவ நான் ஒருத்திதான். அதான் அண்ணே, என்னுது தெரியல."

வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். விளைநிலத்தைக் காப்பாற்றப் போட்ட கோடு, அந்த வரிசையில் விளைந்த ஒரே நிலத்தை விட்டுவிட்டுப் போயிருக்கிறது. உன் மேல் தப்பில்லை, அஞ்சலாட்சி மேலும் தப்பில்லை. யார் மேலாவது தப்பு இருந்தால் எனக்கு வசதியாக இருக்கும்.

அன்று சாயங்காலமே இராமதாஸ் கடைக்கு வந்துவிட்டான். நான் நாவல்தாங்கல் போனது அவனுக்கு எப்படித் தெரியும்? ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னான்: "மூடினது மூடினபடி கெடக்கட்டும் தலைவரே. ஒரு மழைக்காலம் போச்சுன்னா வாய்க்காலும் போச்சு, பேச்சும் போச்சு. ஊர்க்காரனுங்க வாயை நான் பாத்துக்கறேன்."

நான் ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டிருந்தேன், ரொம்ப நேரமாகக் கோர்த்தேன்.

அன்புடன்
அப்பா


ஏனாம்
15 செப்டம்பர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

எனக்கு மெமோ வந்திருக்கிறது. பெயர் போடாத ஒரு மனு. நாவல்தாங்கலில் காலம் காலமாக ஓடும் வாய்க்காலைத் திட்ட உதவியாளர் தன் தகப்பனாரின் நிலத்தில் மட்டும் மறைத்துப் படம் போட்டார் என்று எழுதியிருக்கிறார்கள். விசாரணைக் குழு அக்டோபர் கடைசியில் நிலத்தைப் பார்க்க வருகிறது. மனுவில் சொன்னது உண்மை என்று அவர்கள் எழுதினால் என் வேலை போய்விடும். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அஞ்சலாட்சி அக்கா சொன்னதைப் படித்ததும் எனக்கு மூச்சு வந்தது. அது ஒன்றுதான் உண்மையான காரணம். ஆனால் அதை நான் சொன்னால் யார் நம்புவார்கள்? நிலத்தை வைத்திருப்பவர் சொல்ல வேண்டும். சொன்னால் நிலம் பச்சைக்குள் போய்விடும், இராமதாஸ் வாங்க மாட்டார். இதெல்லாம் உங்களுக்கும் தெரியும். நீங்கள் கடிதத்தை நூல் கோர்ப்பதில் முடித்திருக்கிறீர்கள்.

வாய்க்காலைத் திறங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னால், நான் சொல்லிக் கொடுத்துச் செய்ததாகிவிடும். ஒன்று மட்டும் கேட்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மா, "அடுப்படி ஜன்னல் நல்லா அகலமா இருக்குடி" என்றார். எந்த அடுப்படி என்றதும் ஏனாமில் மழையா என்று பேச்சை மாற்றிவிட்டார். நம் வீட்டு அடுப்படியில் ஜன்னலே கிடையாது.

இராமதாசிடம் முன்பணம் வாங்கிவிட்டீர்களா?

செல்வி


உப்பளம்
6 அக்டோபர் 2025

செல்விக்கு,

உன் கடிதத்துக்கு உடனே எழுதியிருக்க வேண்டும். எழுதினேன். கிழித்தேன். மறுபடி எழுதினேன். ரெக்ஸின் துண்டுகளைவிடக் காகிதக் குப்பைதான் கடையில் அதிகம்.

முன்பணம் வாங்கவில்லை. காப்பி குடித்தேன், அவன் வாங்கிக் கொடுத்தது. இங்கேயே கதிர்காமத்தில் வீடு பார்த்தது உண்மை. இரண்டாவது மாடி, லிஃப்ட் இருக்கிறது. உன் அம்மா அந்த அடுப்படியில் நின்று குழாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். "தண்ணி வேகமா வருதுங்க" என்றாள். கல்யாணமான நாளாய்க் குடத்தில் மொண்டு ஊற்றியவள். ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் வெளியே பார்த்தாள். பார்க்க அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை, பக்கத்து மாடியில் துணி காய்ந்தது. ஆனாலும் பார்த்தாள். அதற்குப் பிறகு இராமதாசிடம் வேண்டாம் என்று சொல்ல என் நாக்கு திரும்பவில்லை.

நீ என்னைச் சந்தேகப்படுகிறாய். முதலில் சந்தேகப்பட்டவன் நான்தான். கோட்டை எனக்காக நிறுத்தினாயா என்று கேட்டேன். இல்லை என்று நீ எழுதியதைப் படித்தபோது, உனக்குச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது, கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

ஆயுத பூஜைக்குத் தையல் மிஷினுக்குப் பொட்டு வைத்துப் பொரி கடலை படைத்தோம். மறுநாள் மேலே இருக்கிறவர்கள் எல்லாம் வாய்க்காலில் புல் வெட்டிச் சுத்தம் செய்தார்களாம். அஞ்சலாட்சி போன் பண்ணினாள்.

"அண்ணே, நாளைக்கு வெட்டி வுட்டுடட்டா? நாத்தங்கால் வுட்டிருக்கேன். வாய்க்கா மூடிக் கெடந்தா தண்ணி வரப்பை ஒடச்சிக்கினு என் நாத்து மேலதான் ஏறும்."

"கொஞ்சம் பொறும்மா" என்றேன்.

"எதுக்குப் பொறுக்கணும்?"

"சொல்றேன், பொறு."

"சரிதாண்ணே, புரியுது" என்று சொல்லி வைத்துவிட்டாள். அவளுக்கு என்ன புரிந்தது என்று எனக்குப் புரிந்தது. நிலத்தை விற்றால் அவளுக்கு அடுத்த போகம் கிடையாது.

ஊர் வாயைத் திறக்காவிட்டால் வாய்க்காலே இல்லை என்று குழு எழுதிவிடும், உனக்கும் கேடில்லை, அம்மாவுக்கும் ஜன்னல் கிடைக்கும் என்று கணக்குப் போடுகிறேன். இராமதாஸ் எல்லாரையும் பார்த்துவிட்டேன் என்கிறான். ஜானகிராமனையும் பார்த்துவிட்டானாம். ஆனால் ஜானகிராமன் என்னைக் கண்டால் இப்போது சிரிப்பதில்லை, வணக்கம் சொல்கிறான். அதுதான் பயமாக இருக்கிறது.

எழுதக் கூடாததையெல்லாம் எழுதிவிட்டேன். உனக்கு மறைத்து எழுத இந்த ஆளுக்குச் சாமர்த்தியம் போதாது.

அப்பா


ஏனாம்
14 அக்டோபர் 2025

அப்பாவுக்கு,

என் வேலையை வைத்துக் கணக்குப் போடுகிறீர்கள். "பொறு" என்ற இடத்துக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை, ஆனாலும் படித்தேன்.

குழு 28-ஆம் தேதி வருகிறது. என்னை அங்கே வரக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். அதுவரை எனக்கு எழுத வேண்டாம், போனும் வேண்டாம். தீபாவளிக்கு நான் வரவில்லை. அம்மாவிடம் லீவு கிடைக்கவில்லை என்று சொல்லுங்கள்.

செந்தமிழ்ச்செல்வி


உப்பளம்
30 அக்டோபர் 2025

என் செல்விக்கு,

28 தாண்டிவிட்டது, ஆகவே எழுதலாம் என்று எடுத்துக்கொண்டேன். முழுப் பெயரில் நீ எனக்குக் கையெழுத்துப் போட்டது இதுதான் முதல் தடவை. அவ்வளவு நீளமான பேரை வைத்தவன் நான்தான், யாரை நொந்துகொள்வது?

தீபாவளியிலிருந்து மழை. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. 28 காலையில் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, மொபெட்டில் மண்வெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். வில்லியனூர் போவதற்குள் கோட்டுக்குள்ளேயும் மழை. குழுவில் மூன்று பேர், குடையும் மடித்துவிட்ட பேண்ட்டுமாக வரப்பில் நின்றார்கள். புளியமரத்தடியில் இராமதாசின் கார், கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தான். தண்ணீர் நம் வரப்பில் முட்டிக்கொண்டு மேலே ஏறி, ஜானகிராமன் மாட்டுக் கொட்டகை வரைக்கும் போய்விட்டது.

நான் யாரோடும் பேசவில்லை. மண்வெட்டியை எடுத்தேன். வாய்க்கால் எங்கே என்று அஞ்சலாட்சியைக் கேட்டேன், அவள் காட்டினாள். மூன்று ஆபீசர்களும் பார்க்க வெட்ட ஆரம்பித்தேன். பாதி வெட்டும்போதே மூச்சு வாங்கி, அஞ்சலாட்சி மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் பிய்த்துக்கொண்டு ஓடியது. பெரியவர் மாதிரி இருந்த ஆபீசர், "இது உங்க நிலமா? இதுல வாய்க்கால் உண்டா? உண்டுன்னா நிலம் பாதுகாப்புக்குள்ள வரும், யோசிச்சு சொல்லுங்க" என்றார். "உண்டு சார், வரட்டும்" என்றேன். உளுந்து போடுவதற்காக மாசியில் மூடுவது, மழைக்கு முன் வெட்டுவது எல்லாவற்றையும் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். கையெழுத்துப் போட்டேன்.

ஜானகிராமன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். இராமதாஸ் காரைத் திருப்பிக்கொண்டு போனான், போகும்போது என் மேல் சேற்றை அடித்துவிட்டுப் போனான். வேண்டுமென்றே அடித்தான் என்று நினைக்கிறேன். மழைக்கோட்டில் பட்டதால் நஷ்டமில்லை.

உன் அம்மாவிடம் சொன்னேன். "நல்லதுங்க" என்றாள். பிறகு உள்ளே போய்ப் பாத்திரங்களைத் துலக்கினாள், துலக்கி வைத்த பாத்திரங்களையும் எடுத்துத் துலக்கினாள்.

உன் அப்பன் கடைசியில் சரியாகத்தான் செய்தான் என்று நினைத்துக்கொள்.

அன்புடன்
அப்பா


ஏனாம்
11 நவம்பர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

மெமோவை முடித்துவிட்டார்கள். படம் எடுத்த பருவத்தில் வாய்க்கால் பயிருக்காக மூடப்பட்டிருந்தது, விடுபட்டதில் உள்நோக்கம் இல்லை என்று அறிக்கை. நம் நிலத்தைச் சேர்த்துப் புதுப் படம் வருகிறது. வேறு ஒருவர் போடுகிறார். என் வேலை இருக்கிறது.

உங்களுக்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். ஆனால் நேற்று அஞ்சலாட்சி அக்காவுக்குப் போன் பண்ணினேன், நாற்று தப்பியதா என்று கேட்க. பாதி தப்பியதாம். அன்று நடந்ததையும் சொன்னார். அவர் சொன்ன வரிசையும் நீங்கள் எழுதிய வரிசையும் ஒத்துப் போகவில்லை. ஜானகிராமன் மாமா வாயைப் பிளந்துகொண்டு நின்றதாக நீங்கள் எழுதினீர்கள். அவர்தான் முதலில் கத்தினார் என்கிறார் அக்கா.

அறிக்கை வந்தாயிற்று, இனி இதைக் கேட்பதால் ஆபீசில் எதுவும் மாறாது. எனக்குத் தெரிய வேண்டும். எது முதலில் நடந்தது?

செல்வி


உப்பளம்
20 நவம்பர் 2025

செல்விக்கு,

விசாரணைக் குழு மூன்று பேரோடு முடிந்தது என்று நினைத்தேன். நாலாவது ஆள் ஏனாமில் இருப்பதை மறந்துவிட்டேன்.

அஞ்சலாட்சி சொன்னதுதான் சரி.

மண்வெட்டியைக் கட்டிக்கொண்டு போனது உண்மை. ஆனால் மொபெட்டை நிறுத்தியதும் நான் அதை அவிழ்க்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு வரப்பில் போய் நின்றேன். ஆபீசர், "இங்க வாய்க்கால் இருந்ததா?" என்று பொதுவாகக் கேட்டார். ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தோம். ஒருத்தரும் பேசவில்லை. இராமதாஸ் சொன்னபடியே எல்லார் வாயையும் அடைத்துவிட்டிருந்தான். நானும் பேசவில்லை. அஞ்சலாட்சி என்னைப் பார்த்தாள். நான் ஏரியைப் பார்த்தேன். ஆபீசர் பேனாவை மூடப் போனார்.

அப்போதுதான் ஜானகிராமனின் கன்றுக்குட்டி கொட்டகைத் தண்ணீரில் வழுக்கி விழுந்தது. அவனுக்கு எல்லாம் மறந்துபோய்விட்டது. "டேய் புருஷோத்தமா, தெறந்து வுடுடா. வருஷா வருஷம் ஆயுத பூஜை முடிஞ்சா தெறப்பீங்களேடா, இந்த வருஷம் இன்னா கேடு?" என்று கத்தினான். ஆபீசர் திரும்பி, "வருஷா வருஷம் திறப்பாங்கன்னா, வருஷா வருஷம் மூடவும் மூடுவாங்களா?" என்றார். உன்னைக் காப்பாற்றியது அந்தக் கேள்விதான். மூடுவோம் சார், உளுந்து போடுவோம் என்று சொன்னது அஞ்சலாட்சி. அதற்கு அப்புறம்தான் அவர் என்னைக் கேட்டார், நான் உண்டு சார் என்றேன். அந்த ஒரு வார்த்தை என்னுடையது. அதற்கும் பிறகுதான் மண்வெட்டியை அவிழ்த்தேன். கயிறு நனைந்து முடிச்சு இறுகிப்போய், அஞ்சலாட்சி பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

அவன் கத்தாமல் இருந்திருந்தால் அவிழ்த்திருப்பாயா என்று நீ கேட்கவில்லை. அதைக் கேட்பதற்குத்தான் மற்றதைக் கேட்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். பேனாவை மூடி அவர்கள் ஜீப்பில் ஏறுவதற்குள் சொல்லியிருப்பேன் என்று சில நேரம் தோன்றுகிறது. சில நேரம், வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஜன்னல் நமக்குத்தான் என்று சொல்லியிருப்பேன் என்று தோன்றுகிறது. உண்மையாகவே எனக்குத் தெரியாதும்மா. தெரியும் என்று சொன்னால் அது இன்னொரு பொய்.

முத்தியால்பேட்டைப் பக்கம் ஒரு வாடகை வீடு பார்த்திருக்கிறோம். கீழ்த்தளம்தான். கடையிலிருந்து தூரம். அம்மா வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

அப்பா


ஏனாம்
28 நவம்பர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை ராத்திரியிலும் படித்தேன், காலையிலும் படித்தேன்.

கண்டிப்பாகத் திறந்திருப்பேன் என்று நீங்கள் எழுதியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். நம்பினதாகப் பதில் எழுதியிருப்பேன், அதற்கப்புறம் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வந்து சாப்பிட்டுவிட்டுப் போயிருப்பேன். தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். இதை நம்புகிறேன்.

லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். காக்கிநாடாவில் ரயில் ஏறி அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் வருகிறேன். நேராக வீட்டுக்கு வர மாட்டேன், ஸ்டேஷனுக்கு மொபெட்டில் வாருங்கள், முதலில் முத்தியால்பேட்டை வீட்டைப் பார்க்க வேண்டும். அம்மா ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வீட்டில் ஏதோ சரியில்லை. அடுப்படியை நானே பார்க்கிறேன்.

அன்புடன் உங்கள்
செல்வி